பரப்பில் அளந்துகாட்டு!

உன் மேஜையில் கிடக்கிறதே, அந்த வாஷரை எடு.

ஆமாம், அதையேதான். எம்8 போல்ட்டுக்குப் போடுகிற சாதாரண வாஷர். ஒரு ஷிஃப்டில் எத்தனை ஆயிரம் உன் கை வழியாகப் போகிறது?

இப்போது சொல். அதன் மொத்தப் புறப்பரப்பு எவ்வளவு?

ஏன் தலையைக் குனிகிறாய்? ஏன் சூப்பர்வைசர் பக்கம் திரும்புகிறாய்? கேள்வி உன்னிடம்தான்!

"எனக்குக் கணக்கு வராதுங்க."

யார் சொன்னது? எப்போது சொன்னார்கள்? எட்டாம் வகுப்பில் யாரோ எரிச்சலில் சொன்ன ஒரு சொல்லை இருபத்தைந்து வயதிலும் நம்பிக்கொண்டிருக்கிறாயே, ஏன்?

தம்பி, தங்கச்சி, இருவரும் கேளுங்கள். அஞ்செட்டியிலிருந்து வருகிறாயா? தேன்கனிக்கோட்டையா, கெலமங்கலமா, சூளகிரியா, வேப்பனப்பள்ளியா? இருட்டு விலகும் முன்னே பஸ் பிடித்து சிப்காட் வாசலில் வந்து நிற்கிறாயே, அந்த உழைப்பில் ஒரு குறையும் கிடையாது.

உழைப்பு உன்னிடம் இருக்கிறது. அளக்கும் துணிச்சல்தான் இன்னும் வரவில்லை.

அதை இன்றைக்கே வரவழைப்போம்!

"இந்தக் கணக்கு எதுக்கு?"

பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகம் ஞாபகம் இருக்கிறதா? ஏழாவது பாடம், அளவியல். உருளையின் வளைபரப்பு, கோளத்தின் புறப்பரப்பு, கூம்பின் இடைக்கண்டம்.

அன்று கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கேட்டாய்: "இதெல்லாம் வாழ்க்கையில எதுக்குடா உதவப் போகுது?"

பதில் எங்கே இருக்கிறது தெரியுமா? ஓசூரில் ஏதாவது ஒரு பிளேட்டிங் பட்டறைக்குள் போ. அங்கே ஒரு டேங்க் இருக்கிறது. டேங்கை ஒட்டி, அதற்கு மின்சாரம் கொடுக்கும் ஒரு ரெக்டிஃபயர் இருக்கிறது. அந்த ரெக்டிஃபயரில் எத்தனை ஆம்பியர் வைக்க வேண்டும் என்று தீர்மானிப்பது எது?

முலாம் பூசப்போகும் பொருளின் புறப்பரப்பு! நீ வெறுத்த அதே ஏழாவது பாடம்!

1971-ல் தமிழ்நாடு அரசின் தொழிற்பேட்டை நிறுவனமான சிப்காட் தோன்றியது. 1980-ல் டி.வி.எஸ். 50 மொபெட் ஓசூரிலிருந்து சாலைக்கு வந்தது. அதே 1980-ல் அசோக் லேலண்ட் இங்கே ஆலை திறந்தது. 2021-ல் போச்சம்பள்ளி பக்கம் மின்சார ஸ்கூட்டர் ஆலை வந்தது.

இந்த வண்டிகளில் எத்தனை போல்ட், எத்தனை நட், எத்தனை வாஷர், எத்தனை கிளிப்! துரு பிடிக்காமல் அவற்றைக் காப்பது எது? தலைமுடியைவிட மெல்லிய ஒரு துத்தநாகப் படலம்.

அந்தப் படலத்தின் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. அந்தக் கணக்கைப் போடுகிறவன் ஒருவன் இருக்கிறான்.

அவன் ஏன் நீயாக இருக்கக் கூடாது?

வெர்னியரை எடு!

பயமா? பயத்தோடு எடு! கை நடுங்கினாலும் வெர்னியர் காட்டுகிற அளவு மாறாது.

வாஷரின் வெளிவிட்டம் 16 மில்லிமீட்டர். உள்விட்டம் 8.4. கனம் 1.6. மூன்றே அளவுகள்! இதற்கா பயந்தாய்?

மேல்முகத்தைப் பார். பெரிய வட்டத்திலிருந்து சின்ன வட்டத்தைக் கழிக்க வேண்டும், அவ்வளவுதான். பெரிய வட்டத்தின் ஆரம் 8. எட்டெட்டு அறுபத்துநாலு, அதை 3.14-ஆல் பெருக்கினால் 201. சின்ன வட்டத்தின் ஆரம் 4.2. அதே வழியில் போட்டால் 55.4. கழித்தால் மிஞ்சுவது 145.6 சதுர மில்லிமீட்டர்.

கீழ்முகமும் அதே அளவு. இரண்டும் சேர்ந்து 291.

முடிந்ததா? பேனாவை மூடிவிட்டாயா?

திற! இங்கேதான் பாதிப்பேர் தோற்கிறார்கள்!

விளிம்பு எங்கே? வாஷருக்கு வெளியே ஒரு விளிம்பு, ஓட்டைக்குள்ளே ஒரு விளிம்பு. 1.6 மில்லிமீட்டர்தானே என்று அலட்சியமாக விட்டுவிடுகிறாய். டேங்கில் இருக்கிற திரவம் அதை விடுமா?

வெளிவிளிம்பு: 3.14 பெருக்கல் 16 பெருக்கல் 1.6. விடை 80.4. உள்விளிம்பு: 3.14 பெருக்கல் 8.4 பெருக்கல் 1.6. விடை 42.2. இரண்டும் சேர்ந்தால் ஏறத்தாழ 123!

மொத்தம் 414 சதுர மில்லிமீட்டர். அதில் விளிம்பின் பங்கு நூற்றுக்குக் கிட்டத்தட்ட 30!

கண்ணுக்கே தெரியாத ஓரம் என்றாயே, அதில் ஒளிந்திருந்தது முப்பது சதவீதம். நீ விட்டது ஓரத்தையா? வேலையில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கையே விட்டுவிட்டாய்!

டேங்க் பொய் சொல்லாது

இப்போது ஆயிரம் வாஷரை, டேங்குக்குள் சுழலுகிற பேரலில் போடு. 10 சென்டிமீட்டருக்கு 10 சென்டிமீட்டர் சதுரம் ஒரு சதுர டெசிமீட்டர். ஆயிரம் வாஷரின் பரப்பு 41.4 சதுர டெசிமீட்டர்.

ஒரு சதுர டெசிமீட்டருக்கு ஓர் ஆம்பியர் என்று வை. அப்படியானால் தேவை 41 ஆம்பியர். போகிற மின்சாரம் முழுவதும் துத்தநாகமாகப் படிந்தால் நிமிடத்துக்கு 0.285 மைக்ரான் ஏறும். 28 நிமிடத்தில் 8 மைக்ரான். உண்மையான டேங்கில் கொஞ்சம் மின்சாரம் வீணாகும், நேரம் கொஞ்சம் கூடும். கணக்கின் வழி மாறாது.

விளிம்பை விட்டவன் என்ன செய்வான்? 29 ஆம்பியர் வைப்பான். அதே 28 நிமிடம் ஓட்டுவான். எடுத்துப் பார்ப்பான். பளபளவென்று இருக்கும். சிரிப்பான்.

அளந்தால்? வேண்டியது 8, வந்தது 5.6 மைக்ரான்!

பளபளப்பு ஏமாற்றும். உப்புநீர்ப் பரிசோதனை ஏமாறாது. குறித்த நேரத்துக்கு முன்பே செந்துரு எட்டிப்பார்க்கும். லாட் முழுவதும் ரிஜெக்ஷன்!

சரி, பயத்தில் பரப்பைக் கூட்டிப் போட்டால்? ஆம்பியர் அதிகமாகும். மூலைகளும் முனைகளும் கருகும். படலம் சொரசொரப்பாகும், உரிந்து வரும். அதுவும் ரிஜெக்ஷன்தான்!

குறைத்து மதிப்பிட்டாலும் தோல்வி. ஊதிப் பெருக்கினாலும் தோல்வி. உள்ளது உள்ளபடி அளந்தவனுக்கே வெற்றி.

இன்னொன்றையும் கவனி. அந்த டேங்க் உன் ஊரைக் கேட்காது. சாதியைக் கேட்காது. பத்தாம் வகுப்பு மார்க்கைக் கேட்காது. நீ தமிழ் பேசுகிறாயா, தெலுங்கா, கன்னடமா என்றும் கேட்காது.

பரப்பை மட்டும் கேட்கும். சரியாகச் சொன்னால் சரியாக நடக்கும். இதைவிட நேர்மையான பரீட்சை ஹால் உனக்கு எங்கே கிடைக்கும்?

உன் சாக்குகளை ஒவ்வொன்றாகக் கொண்டுவா!

"நான் அதிகம் படிக்கலை."

முலாம் பூசும் தொழிலுக்கே அடிப்படையான மின்பகுப்பு விதிகளைக் கண்டுபிடித்தவர் யார்? மைக்கேல் ஃபாரடே. 1791-ல் ஒரு கொல்லரின் மகனாகப் பிறந்தவர். பதினான்கு வயதில் புத்தகம் தைக்கும் கடையில் வேலைக்குச் சேர்ந்தவர். தைக்க வந்த புத்தகங்களைப் படித்தே அறிவியல் கற்றவர். உயர்கணிதம் அவருக்குக் கடைசிவரை கைவரவில்லை.

அவர்தான் 1830-களில் சொன்னார்: எவ்வளவு மின்சாரம் செலுத்துகிறாயோ அவ்வளவு உலோகம் படியும். இன்றைக்கு ஓசூரில் ஓடுகிற ஒவ்வொரு பிளேட்டிங் டேங்கும் அந்தப் பட்டறைப் பையன் சொன்ன விதிப்படிதான் ஓடுகிறது!

உன்னிடம் இருக்கிற படிப்பு அவரிடம் அந்த வயதில் இருந்ததா? நெஞ்சில் கைவைத்துச் சொல்!

"இங்கிலீஷ் தெரியாது."

வட்டத்தின் பரப்புக்கு இங்கிலீஷ் எதற்கு? அரை விட்டத்தையும் அரைச் சுற்றளவையும் பெருக்கு, பரப்பு வரும் என்று கணக்கதிகாரம் என்ற பழைய கணக்கு நூல் தமிழிலேயே சொல்லிவைத்திருக்கிறது. நிலம் அளந்தவர்களும் மரம் அறுத்தவர்களும் நெல் அளந்தவர்களும் கணக்குப் போட்ட மொழி இது. உனக்கு மட்டும் போதாதா?

"கம்ப்யூட்டர் ஒரே கிளிக்கில் சொல்லிடுதே."

சொல்லும். வரைபடம் இருந்தால் சொல்லும். வரைந்தவன் தப்பாக வரைந்திருந்தால் தப்பாகவே சொல்லும். அந்தத் தப்பைக் கண்டுபிடிக்க யார் வேண்டும்? வரைபடமே இல்லாமல் ஒரு பழைய பிராக்கெட்டைக் கையில் கொடுத்து "நாளைக்குள்ள விலை சொல்லுங்க" என்று ஒருவர் நின்றால் எந்த கிளிக் உன்னைக் காப்பாற்றும்?

"நான் வெறும் கான்ட்ராக்ட் ஆள்தானே?"

கான்ட்ராக்ட் முடியும். கற்றது முடியுமா? கேட்டைத் தாண்டும்போது அடையாள அட்டையைத் திருப்பி வாங்கிக்கொள்வார்கள். மூளையில் ஏறிய கணக்கை யார் வாங்கிக்கொள்ள முடியும்? ஜூஜூவாடி எல்லையைத் தாண்டி கர்நாடகத்து அத்திப்பள்ளிக்குப் போனாலும் பை என்பது 3.14-தான். எந்த மாநிலத்திலும் அது செல்லும்!

"ஷிஃப்ட் முடிஞ்சா உடம்பு வலிக்குது."

வலிக்கும். தெரியும். எட்டு மணி நேரம் நின்றுபார்த்தவனுக்குத்தான் அந்தக் கால்வலி புரியும். ஆனாலும் கேட்கிறேன், பஸ்ஸில் செல்போனைத் தள்ளிக்கொண்டே வருகிறாயே, அப்போது கை வலிக்கவில்லையா? அதில் பத்து நிமிடம் கொடு. ஒரு பொருள், ஒரு கணக்கு. போதும்!

"தப்பாப் போட்டா சிரிப்பாங்க."

சிரிக்கட்டும்! தப்பாகப் போட்ட கணக்கைத் திருத்தலாம். போடாத கணக்கை எப்படித் திருத்துவாய்? தோல்வி என்பது சிவப்பு மையில் வந்த ஒரு குறி. எங்கே பிசகியது என்று இடத்தைச் சுட்டிக்காட்டுகிறது. அந்த இடத்தை அழித்துவிட்டு மறுபடி போடு. மறுபடியும் பிசகினால் மறுபடியும் போடு!

கிலோவா, பரப்பா?

இப்போது நான் சொல்லப்போவதை மனதில் பதித்துக்கொள். இந்தக் கட்டுரையை எழுதியதே இதைச் சொல்லத்தான்.

ஒரு கிலோ எம்20 வாஷர் எடு. பெரிய வாஷர். வெளிவிட்டம் 37 மில்லிமீட்டர், உள்விட்டம் 21, கனம் 3. ஒரு கிலோவுக்கு ஐம்பத்தெட்டுதான் நிற்கும். அத்தனையின் மொத்தப் புறப்பரப்பு ஏறத்தாழ 12 சதுர டெசிமீட்டர்.

அடுத்து ஒரு கிலோ எம்3 வாஷர் எடு. பொடிசு! வெளிவிட்டம் 7, உள்விட்டம் 3.2, கனம் அரை மில்லிமீட்டர். விரலிடுக்கில் நழுவி விழுந்தால் தேடக்கூட மாட்டார்கள். ஒரு கிலோவுக்கு எட்டாயிரத்துக்கு மேல் ஏறும்.

அதன் மொத்தப் பரப்பு எவ்வளவு?

64 சதுர டெசிமீட்டர்!

அதே இரும்பு. அதே ஒரு கிலோ. சின்னதின் பரப்பு பெரியதைப்போல் ஐந்து மடங்குக்கு மேல்!

எல்லாப் பொருளுக்கும் இதுதான் விதி. ஒரு சென்டிமீட்டர் கனசதுரத்துக்குப் புறப்பரப்பு 6 சதுர சென்டிமீட்டர். அதையே ஒரு மில்லிமீட்டர் கனசதுரங்களாக வெட்டு. ஆயிரம் துண்டு வரும். எல்லாவற்றின் பரப்பையும் கூட்டு. 60 சதுர சென்டிமீட்டர்! பொருள் ஒரு துளியும் கூடவில்லை. பரப்பு பத்து மடங்கு!

பட்டறையில் கிலோ கணக்கில் விலை பேசி நஷ்டப்படுகிறவர்கள் எங்கே சறுக்குகிறார்கள் தெரியுமா? இங்கேதான். பெரிய வாஷருக்குக் கட்டுப்படியாகிற கிலோ ரேட்டை சின்ன வாஷருக்கும் சொல்லிவிடுகிறார்கள். துத்தநாகம் ஐந்து மடங்கு போகிறது. மின்சாரம் ஐந்து மடங்கு போகிறது. மாதக் கடைசியில் கையில் ஒன்றும் நிற்பதில்லை.

பரப்பு தெரிந்தவன் சரியான விலை சொல்கிறான். சரியான விலை சொல்லத் தெரிந்தவன் நாளை சொந்தமாக ஒரு டேங்க் போடுகிறான்!

இப்போது உன்னைப் பற்றிப் பேசுவோம்.

உன்னைச் சின்னவன் என்றார்கள். சின்ன ஊர், சின்னப் படிப்பு, சின்ன வேலை என்றார்கள். அவர்கள் உன்னைத் தராசில் வைத்துக் கிலோவில் நிறுத்தார்கள்!

நீ பரப்பில் அளந்துகாட்டு! உலகத்தைத் தொடுகிற இடம் உன்னிடம் எவ்வளவு இருக்கிறது? மூன்று மொழி காதில் விழுகிற எல்லை ஊரில் வளர்ந்திருக்கிறாய். நிலமும் தெரியும், இயந்திரமும் தெரியும். ரோஜாத் தோட்டமும் தெரியும், லேத் பட்டறையும் தெரியும். உனக்கா பரப்பு குறைவு?

இங்கேயே நடந்தது!

வெளியூர்க் கதை வேண்டாமா? ஓசூர்க் கதையையே கேள்.

1984-ல் டாடா குழுமமும் தமிழ்நாடு அரசின் டிட்கோவும் சேர்ந்து டைட்டன் நிறுவனத்தைத் தொடங்கின. கைக்கடிகாரத் தொழிற்சாலையை ஓசூரில் அமைத்தார்கள். கடிகாரம் செய்யத் தெரிந்த கைகள் இங்கே அன்று ஏது?

தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் பிளஸ் டூ முடித்த பிள்ளைகளைத் தேடிப்போய் வேலைக்கு எடுத்தார்கள். பலருக்கு வீட்டை விட்டு வருவதே முதல் தடவை. பயிற்சி கொடுத்தார்கள். பிள்ளைகள் கற்றுக்கொண்டார்கள்.

2002-ல் டைட்டன் எட்ஜ் என்ற கடிகாரம் வெளிவந்தது. மொத்தக் கனம் வெறும் 3.5 மில்லிமீட்டர்! உள்ளே ஓடுகிற இயந்திரத்தின் கனம் 1.15 மில்லிமீட்டர்! நீ கையில் வைத்திருக்கிற வாஷரைவிட மெல்லியது!

அந்த நுணுக்கம் சுவிட்சர்லாந்துக் காற்றில் பிறந்ததா? ஓசூர்க் காற்றில் பிறந்தது! நீ மூச்சுவிடுகிற இதே காற்றில்!

அந்தப் பிள்ளைகள் பயப்படவில்லையா? பயந்திருப்பார்கள். முதல் தடவையே சரியாக வந்திருக்குமா? வந்திருக்காது. நின்றார்கள். அளந்தார்கள். கற்றார்கள். நீயும் அப்படி நிற்கப்போகிறாயா, இல்லையா?

இந்த வாரத்துப் பாடம்

பேசினது போதும். வேலையைத் தொடங்கு! ஒரு நோட்டு வாங்கு. தினமும் ஒரு பொருள்.

திங்கள்: பேரிங் குண்டு. 10 மில்லிமீட்டர் விட்டம் என்றால் விட்டத்தை விட்டத்தால் பெருக்கி 3.14-ஆல் பெருக்கு. 314 சதுர மில்லிமீட்டர். அதே விட்டமுள்ள வட்டம் நான்கை வெட்டிப் போட்டால் வருகிற பரப்பு அது.

செவ்வாய்: டார்ச்சில் போடும் பென்சில் பேட்டரி. விட்டம் 14.5, நீளம் 50.5. வளைபரப்பைப் போடு. இரண்டு முனைகளையும் மறக்காதே. 26 சதுர சென்டிமீட்டருக்கு மேல் வருகிறதா என்று பார்.

புதன்: தீப்பெட்டி. ஆறு முகம். பிறகு உள்ளே இருக்கிற தட்டை வெளியே இழு. அதன் உட்புறத்தையும் வெளிப்புறத்தையும் போட்டுப் பார். மூடிய பெட்டியைவிட எவ்வளவு கூடுகிறது?

வியாழன்: போல்ட். மரை இருக்கிற இடத்தில் ஜாக்கிரதை! மரை மேலும் கீழுமாக ஏறி இறங்குவதால் அந்த நீளத்துக்கு வழவழப்பான தண்டைவிடப் பரப்பு ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. இதை விட்டவர்கள்தான் "ஏன் துரு பிடிச்சது?" என்று தலையைச் சொறிகிறார்கள்.

வெள்ளி: எவர்சில்வர் டம்ளர். மேல்வாய் அகலம், அடி குறுகல். கூம்பின் இடைக்கண்டம்! அன்று வெறுத்த பாடம் இன்று உன் காபிக் கையில் இருக்கிறது. உள்ளும் புறமும் போடு.

சனி: எந்தச் சூத்திரத்துக்கும் அடங்காத ஒரு பொருள். ஸ்பூன் எடு. சமையலறை அலுமினியத் தாளை ஒட்டினாற்போல் சுற்று. ஒன்றின்மேல் ஒன்று படிந்த இடத்தை வெட்டி எறி. பிரித்து கிராஃப் தாளில் விரி. கட்டங்களை எண்ணு. சூத்திரம் இல்லாத இடத்திலும் வழி இருக்கிறது, பார்த்தாயா?

ஞாயிறு: கிருஷ்ணகிரி மாம்பழம் ஒன்று. தோலைப் பட்டை பட்டையாகச் சீவு. கிராஃப் தாளில் பரப்பு. எண்ணு. பழத்தை வீட்டோடு சேர்ந்து சாப்பிடு. பிள்ளைகளுக்குக் கணக்கைச் சொல்லிக்கொடு!

சொல்லிக்கொடுக்கும்போதுதான் நீ முழுதாகக் கற்பாய். "எனக்கு வராது" என்ற சொல் உன் வீட்டில் உன்னோடு முடியட்டும். உன் பிள்ளை வரைக்கும் அது போகவே கூடாது!

ஏழு நாளில் ஏழு பொருள். ஒரு மாதத்தில் முப்பது. அதற்குப் பிறகு டிராயிங்கைப் பார்த்தாலே உன் கண் விளிம்பைத் தேடும். ஓட்டையைத் தேடும். மரையைத் தேடும். மற்றவர்கள் ஒரு வாஷரைப் பார்க்கிற இடத்தில் நீ நான்கு பரப்பைப் பார்ப்பாய்!

அன்று சூப்பர்வைசர் கேட்பார்: "இந்த லாட்டுக்கு எத்தனை ஆம்பியர்?"

எல்லோரும் பக்கத்தில் இருப்பவனைப் பார்ப்பார்கள். நீ பார்க்காதே! வெர்னியரை எடு, அள, போடு, சத்தமாகச் சொல்!

எதற்காக இன்னும் காத்திருக்கிறாய்? யாருடைய அனுமதிக்காக? வாஷர் உன் கையில் இருக்கிறது. பேனா உன் பையில் இருக்கிறது.

வெளிவிட்டம் எவ்வளவு? உள்விட்டம் எவ்வளவு? கனம் எவ்வளவு?

எழுது! இப்போதே எழுது!